வெடிப்பில்லாமல் கீறிய கோபுரம்

அந்தக் கோயிலின் மரபுரிமைக் குழுத் தலைவருக்கு என் பெயர் கடைசிவரை தெரியாது. ஏழு வருடம் அங்கே பராமரிப்பு வேலை செய்தேன். ஏழு வருடமும் என்னை "நண்பரே" என்றுதான் கூப்பிட்டார். சில ஆங்கிலேயர் வாயில் அந்தச் சொல் வரும்போது அதில் நட்பென்று ஒன்றும் இருக்காது. உன் பெயரை ஞாபகத்தில் வைத்திருக்கிற சிரமம் எனக்கெதற்கு என்பதுதான் அதன் கருத்து.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் நடந்தது. கனடாவின் மொன்றியல் நகரத்து மேற்குப் பக்கத்தில், ஆங்கிலேயக் குடும்பங்கள் பணத்தோடும் பிள்ளைகளோடும் இருந்த காலத்தில், இங்கிலாந்துக் கிராமத்துக் கிறிஸ்தவப் பங்குக் கோயில் ஒன்றைப் பார்த்து அதே மாதிரிக் கட்டிய கோயில் அது. முழுக்கச் சாம்பல் நிறக் கல். கூரான வளைவு வைத்த யன்னல்கள், அவற்றில் வண்ணக் கண்ணாடி. சுவர்களை வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கும் கல் முட்டுகள். உள்ளே நிமிர்ந்து பார்த்தால் படகைக் கவிழ்த்து வைத்தது போல மரக்கூரை. முன்னால் சதுரக் கோபுரம், அதன் நான்கு மூலைகளிலும் ஈட்டி முனை மாதிரி நான்கு கல் முடிகள். கட்டிடத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கட்டியவன் தொழில் தெரிந்தவன். அதற்குச் சொந்தம் கொண்டாட வந்தவர்களைப் பற்றித்தான் நான் சொல்லப்போகிறேன்.

நானூறு பேர் இருக்கக்கூடிய வாங்குகளில் ஞாயிற்றுக்கிழமை பதினேழு பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு வாங்கு. பக்கத்தில் பக்கத்தில் இருக்க அவர்களுக்கு விருப்பமில்லை. கடவுளைப் பற்றி அவர்கள் கதைத்து நான் அதிகம் கேட்டதில்லை. கல்லைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் நான் அரசாங்கக் கட்டிடத் திணைக்களத்தில் பதினொரு வருடம் படவரைஞராக இருந்தவன். பாடசாலை, ஆஸ்பத்திரி, அரசாங்க அதிபரின் பழைய கச்சேரிக் கட்டிடம் என்று எத்தனையோ அளந்து படம் கீறியிருக்கிறேன். மொன்றியலுக்கு வந்த பிறகு உணவகங்களில் கோப்பை கழுவினேன், அலுவலகங்கள் கூட்டினேன். பிறகு இந்த வேலை கிடைத்தது. நாங்கள் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜிலிருந்து இரண்டு பஸ். கொதிகலனைப் பார்ப்பது, பனி அள்ளுவது, தளம் துடைப்பது, கதவுகளைப் பூட்டித் திறக்கத் திறப்புக் கோர்வையோடு மற்றவர்களுக்குப் பின்னால் நடப்பது. நான் என்ன படித்தவன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தலைவர் காப்புறுதித் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவர். எழுபது தாண்டியவர். மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்தவர், ஆனால் நேற்றுத்தான் கப்பலால் இறங்கியவர் மாதிரிக் கதைப்பார். அவருடைய பாட்டனார் ஒரு யன்னலுக்குக் காசு கொடுத்திருந்தார். அந்த யன்னலுக்குக் கீழே பித்தளைத் தகட்டில் பாட்டனாரின் பெயர் இருந்தது. கிழமைக்கு ஒருமுறை அதை மினுக்கச் சொல்லுவார். மற்றத் தகடுகளை மாதத்துக்கு ஒருமுறை மினுக்கினால் போதும்.

இது நடந்த வருடம் அவர் கோயிலின் கட்டிடக்கலை பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு மரபுரிமைத் தகடு பதிப்பதற்கும் விண்ணப்பித்திருந்தார். புத்தகத்துக்கு விவரம் சேர்ப்பதற்காக என்னையும் கூட்டிக்கொண்டு சுற்றுவார். கற்கள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை என்று ஒருநாள் எழுதிக்கொண்டார்.

"சேர், இது இந்த ஊர்க் கல். பக்கத்துத் தெருவில் இருக்கிற பழைய தீயணைப்பு நிலையமும் இதே கல்தான். உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னச் சிப்பி தெரியும்" என்றேன்.

அவர் கல்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "உங்கள் நாட்டிலும் அருமையான கோயில்கள் இருக்கும், இல்லையா நண்பரே?" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

கோபுரத்தை அளக்க வேண்டுமென்றும் சொன்னார். மேலே ஏறிக் கைபிடிச் சுவரிலிருந்து ஈயக்குண்டு கட்டிய அளவு நாடாவைத் தொங்கவிட்டேன். கீழே அவர் நுனியைப் பிடித்தார். முடியின் உயரத்தையும் சேர்த்து எண்பத்துமூன்று அடி. அவர் முகம் விழுந்துவிட்டது.

"நாடா வளைந்திருக்கும்" என்றார்.

குண்டு கட்டித் தொங்கவிட்ட நாடா எப்படி வளையும்? புத்தகத்தில் 'ஏறத்தாழ நூறு அடி' என்று போட்டார். பதினேழு அடியை ஒரு பேனாவால் கட்டி முடித்த மனிதர் அவர்.

கோயிலின் கீழ்த்தளத்தை, சின்னப்பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் கார்டெரி ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். என் மனைவி அங்கே சமையல் வேலையில் சேர்ந்திருந்தாள். அவள் சமைக்கும் பருப்பையும் சோற்றையும் மூன்று வயதுப் பிள்ளைகள் பிரெஞ்சில் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். பனிக்காலத்தில் அந்தப் பிள்ளைகள் தடித்த உடுப்புகளோடு ஒரு நீளக் கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக வருவதைப் பார்க்க வேண்டும். அவர்கள் உள்ளே வருகிற வாசல் கோபுரத்தின் அடியில் இருந்தது. தலைவருக்கு அந்தப் பிள்ளைகளைப் பிடிக்காது. பங்குக் கோயில் முன்றலில் பிளாஸ்டிக் சறுக்குமரம் நிற்பது மரபுரிமைக்கு அழகில்லை என்பார். அவர்கள் தருகிற வாடகையில்தான் கோயில் சூடாக இருந்தது.

ஒக்டோபரில் மழைத்தண்ணி ஓடும் பீலிகளில் அடைத்திருந்த இலைகளையும் புறா எச்சத்தையும் அள்ளக் கோபுரத்தில் ஏறினேன். தென்மேற்கு மூலை முடியின் அடியில் ஒரு வெடிப்பு. இதற்கு முன்னர் யாரோ ஒருவன் கல்லிடுக்கில் இருந்த பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டுச் சீமெந்தை அப்பியிருந்தான். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சீமெந்து விடாது. உள்ளே நின்ற தண்ணீர் ஒவ்வொரு பனிக்காலமும் உறைந்து கல்லைப் பிளந்திருக்கிறது. முடியின் நடுவில் இருக்கிற இரும்புக் கம்பியும் துருவேறிப் பருத்திருந்தது. நான் கொதிகலன் அறைத் திறப்பை வெடிப்புக்குள் செருகிப் பார்த்தேன். பிடிவரைக்கும் போனது.

இரண்டு மாலை குசினி மேசையில் இருந்து அதைக் கீறினேன். கோபுரத்தின் முகப்பு, பக்கத்தில் முடியின் வெட்டுமுகம், வெடிப்பின் அகலம், கம்பி இருக்கும் இடம். எல்லாம் அளவுத் திட்டத்தோடு, திகதியும் போட்டு.

"கனகாலத்துக்குப் பிறகு அடிமட்டம் பிடிக்கிறியள்" என்றாள் மனைவி. முகத்தில் சந்தோசம் தெரிந்தது.

அடுத்த நாள் தலைவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். எனக்குள் ஒரு சின்னப் பெருமை வந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும்.

"அற்புதம்! நீங்கள் கீறினதா? இதைப் புத்தகத்தின் அட்டையில் போடலாமே!"

"சேர், இந்த இடத்தில் வெடிப்பு. முடி எப்பவும் விழலாம். கீழேதான் பிள்ளைகளின் வாசல்."

"ஓ, ஆமாம், ஆமாம். குழுவில் பேசுவோம்." விரலால் தாளைத் தட்டினார். "அட்டைக்கு ஏற்ற மாதிரி, இந்தக் கறுப்புக் கோடு இல்லாமல் இன்னொன்று கீறித் தருவீர்களா?"

கீறிக் கொடுத்தேன்.

மறுத்திருக்கலாம். முதலில் முடியைக் கட்டுங்கள், பிறகு படம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் கோடு அச்சில் வரும் என்ற ஆசை. பதினாலு வருடம் தும்புத்தடி பிடித்துக் கூட்டிய கைக்கு அந்த ஆசை போதுமாக இருந்தது. மேலும் இரண்டு மாலை இருந்து, வெடிப்பை விட்டுவிட்டு, ஒரு கல்லும் அசையாத கோபுரத்தை அழகாகக் கீறினேன். தலைவரைக் கேவலமாக நினைக்க எனக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. என்னைக் கேவலமாக நினைக்க அந்த இரண்டு மாலைகளே போதும்.

பனிக்காலத்தில் குழு நாலு தரம் கூடியது. தேத்தண்ணி ஊற்றுகிறவன் நான்தான் என்பதால் எல்லாம் என் காதில் விழுந்தது. முதல் கூட்டத்தில் புத்தகத் தாள் வெள்ளையா, பால் நிறமா என்று கதைத்தார்கள். இரண்டாவதில் 'பங்குக் கோயில்' என்று எழுதுவதா, 'வரலாற்றுப் பங்குக் கோயில்' என்று எழுதுவதா என்று இரண்டு மணித்தியாலம். மூன்றாவதில் தகட்டின் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கதைத்தார்கள். தகடு கட்டாயம் பிரெஞ்சிலும் இருக்க வேண்டுமா என்று ஒரு அம்மா கேட்க, மற்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். நாலாவது கூட்டத்தின் முடிவில், எல்லோரும் மேலங்கி போட்டுக்கொண்டு நிற்கும்போது, தலைவர் வெடிப்பைப் பற்றிச் சொன்னார். வசந்தத்தில் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அரை நிமிடமும் ஆகவில்லை.

மார்ச் வந்தது. பகலில் வெயில் உருக்கும், விடிய எல்லாம் திரும்ப உறைந்திருக்கும். கல்லுக்கு இதைவிடக் கெட்ட காலம் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை கோபுர வாசலில் பனி அள்ளப் போனேன். பனியின் மேல் கல் துணுக்குகள் கிடந்தன. ஒன்றில் துருக் கறை. அவற்றை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு கோயில் போதகரிடம் போனேன்.

போதகர் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்லுவார்கள். யாருக்கும் தீங்கு செய்யமாட்டார் என்பது உண்மை. யாருக்கும் எதுவுமே செய்யமாட்டார். என் கையில் இருந்ததைப் பார்த்து, "அடக் கடவுளே" என்றார்.

"வாசலை மூடி வேலி போட வேணும் ஐயா."

"வெள்ளிக்கிழமை மரபுரிமைத் தகட்டுக்காரர் பார்க்க வருகிறார்களே. படம் எல்லாம் எடுப்பார்கள். தலைவரைக் கேட்காமல் நான் எப்படி..." என்று இழுத்தார். பிறகு என் கையிலிருந்த துணுக்குகளைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார், அதுவே ஒரு நடவடிக்கை என்பது போல.

அன்று பின்னேரம் பஸ்ஸில் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு வெடிப்பைப் பற்றி ஒக்டோபரிலேயே தெரியும். குழு திருத்தியிருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"ஒருத்தரும் திருத்தேல்லையோ?"

"இல்லை."

"அப்ப நீங்கள் ரெண்டாந்தரம் கீறினது?"

"அது அட்டைக்கு. வெடிப்பில்லாமல் கேட்டவர்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் நினைக்க விருப்பமில்லை. "ஓம், வெடிப்பில்லாமல்" என்றாள். "நாளைக்குக் காலமை அதுக்குக் கீழாலை முப்பது பிள்ளையள் வரும். அட்டை வடிவாய் இருக்கும் என்ன?"

செவ்வாய்க்கிழமை வழக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போனேன். கோபுர வாசலை உள்ளே பூட்டினேன், வெளியே சங்கிலி போட்டேன். பனி அள்ளும் வண்டி, இரண்டு வாங்கு, பழைய கதவொன்று என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்து முன்றலை மறித்தேன். மட்டையில் 'ஆபத்து' என்று பிரெஞ்சில் பெரிதாக எழுதிக் கட்டினேன். பின்பக்கத்துக் குசினி வாசலுக்குப் பனியில் ஒரு பாதை வெட்டினேன்.

கார்டெரியின் பொறுப்பாளர் அம்மா முதல் ஆளாக வந்தார். இந்த ஊர்ப் பிரெஞ்சுப் பெண். நான் கையை மேலே காட்டினேன். அவர் மேலே பார்த்தார், மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெர்சி" என்று நன்றி மட்டும் சொன்னார். கால் மணித்தியாலத்தில் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்தபடி குசினி வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நாலு கூட்டத்தில் முடியாதது ஒரு சொல்லில் முடிந்தது.

தலைவர் பத்து மணிக்கு வந்தார். அவர் கோபப்பட்டு அதுவரை நான் கண்டதில்லை. முகம் சிவந்து, கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார்.

"என்ன இது? குப்பைமேடு மாதிரி! வெள்ளிக்கிழமை படம் எடுக்க வருகிறார்கள், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சேர். கல் விழத் தொடங்கிவிட்டது."

"நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிற கல் அது! திறப்பைத் தாருங்கள்."

"தரமாட்டேன்."

இங்கிலிசில் அவ்வளவு சின்ன வசனம் நான் அதுவரை சொன்னதில்லை. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் திறப்புக் கோர்வையைப் பார்த்தார். பிறகு போதகரைத் தேடி உள்ளே போனார். அடுத்த திங்கட்கிழமை போதகர் என்னிடம் திறப்பை வாங்குவதாக ஏற்பாடு. போதகருக்கு எதையும் செய்ய ஒரு கிழமை வேண்டும். அந்தக் கோழைத்தனத்துக்கு நான் இன்றுவரை நன்றியுள்ளவன்.

வெள்ளிக்கிழமை தகட்டுக்காரர்கள் வந்து, ஆராதனைக்கு வருகிறவர்களின் பெரிய வாசலால் நுழைந்தார்கள். கப்பலில் வந்த கல்லையும் நூறடிக் கோபுரத்தையும் பாட்டனாரின் யன்னலையும் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்கள். படத்துக்கு, மறித்த முன்றல் தெரியாதபடி மற்றப் பக்கத்தில் நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். ஆராதனை முடிந்து பதினேழு பேரும் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் உரசுவது போல ஒரு சத்தம். பிறகு தளம் அதிர்ந்தது. கோப்பைகள் தட்டுகளில் கிலுங்கின. நான் ஓடினேன்.

என் உயரத்தைவிடப் பெரிய அந்த முடி கோபுர வாசற்படியில் மூன்று துண்டாகக் கிடந்தது. இரண்டாம் படி நொறுங்கியிருந்தது. நான் வைத்த வாங்குகளில் ஒன்று தீக்குச்சி மாதிரி முறிந்திருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குனிந்து, ஒரு துண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த துருக்கம்பியைத் தொட்டுப் பார்த்தேன்.

பின்னால் தலைவர் வந்தார். கிடந்ததைப் பார்த்தார். "ஒருவரும் தொடவேண்டாம்! அது மரபுரிமை!" என்றார். அந்த இடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். முந்தாநாள் காலை அந்தப் படியில் முப்பது பிள்ளைகள் நின்றிருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பிறகாவது தோன்றியதா என்று நான் அறியேன்.

அடுத்த நாள் நகரசபையிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்தார். நடுவயதுக்காரர். தலைவர் ஆங்கிலத்தில் வரவேற்றார். வந்தவர் பிரெஞ்சிலேயே பதில் சொன்னார். எழுபது வருடமாக இந்த நகரத்தில் வாழ்ந்தவருக்கு 'பொன்ஜூர்', 'மெர்சி' இரண்டும் தவிர ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தகப்பன், பாட்டன் எல்லாம் இங்கேயே பிறந்தவர்கள். அயல் வீட்டுக்காரனின் பாசையைப் படிக்காமல் இருப்பதையே குடும்பச் சொத்து மாதிரிக் காத்திருக்கிறார்கள்.

"வாசலை மூடியது யார்?" என்று பொறியியலாளர் கேட்டார்.

'வாசல்' என்பதற்குக் காட்டிய கையைப் பார்த்துக் கேள்வியை ஊகித்துக்கொண்டு தலைவர் ஆங்கிலத்தில், "எங்கள் குழு முன்னெச்சரிக்கையாக மூடியது" என்றார்.

நான் மேலங்கிப் பையிலிருந்து முதற் படத்தை எடுத்தேன். வெடிப்போடு கீறியது. அதைப் பொறியியலாளரிடம் கொடுத்துவிட்டு, கோட்-டெ-நெய்ஜில் குடிவந்தோருக்கான வகுப்பில் படித்த உடைந்த பிரெஞ்சில் சொன்னேன்: இது நான் ஒக்டோபரில் கீறியது. இவரிடம் காட்டினேன். வெடிப்பை எடுத்துவிட்டுக் கீறச் சொன்னார். நானும் கீறினேன். போன கிழமை வாசலை நான் மூடினேன். திறக்கச் சொன்னார். நான் திறக்கவில்லை.

வினைச்சொற்களின் காலங்களெல்லாம் பிழைத்திருக்கும். பொறியியலாளருக்கு விளங்கியது. திகதியைப் பார்த்தார், வெட்டுமுகத்தைப் பார்த்தார். "நீங்கள் படவரைஞரா?" என்று கேட்டார்.

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு பிரெஞ்சில் சொன்னேன்.

இவ்வளவு நேரமும் தலைவர் பக்கத்தில் நின்று, நான் அவரைப் புகழுவது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அதைவிடச் சிரிப்பாக இருந்தது.

அந்தக் கிழமையே நகரசபைக் கட்டளைப்படி சாரம் கட்டினார்கள். மற்ற மூன்று முடிகளையும் கம்பி போட்டு இறுக்கினார்கள். விழுந்த மூலையைத் தகரத்தால் மூடினார்கள். புத்தகமும் வந்தது. அட்டையில் என் படம், நான்கு முடியும் நிமிர்ந்து நிற்கும் கோபுரம். கீழே 'பங்கின் நண்பர் ஒருவர் கீறியது' என்று இருந்தது. முகவுரையில் குழுவின் விழிப்புணர்வால் ஒரு பெரும் விபத்துத் தவிர்க்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். போதகர் எனக்கு ஒரு பிரதி தந்தார். வாங்கினேன். திருப்பிக் கொடுக்கும் துணிவு வரவில்லை.

அந்த வருடம் முடிய என் வேலை நேரத்தைப் பாதியாக்கினார்கள். காரணம் சொல்லவில்லை. நான் விட்டுவிட்டுக் கோட்-டெ-நெய்ஜில் எட்டுமாடிச் செங்கல் கட்டிடம் ஒன்றுக்குப் பராமரிப்பாளராகப் போனேன். அந்தப் பொறியியலாளர் ஒரு கட்டிட அலுவலகத்தின் முகவரி எழுதித் தந்திருந்தார். அங்கே போய்க் கேட்டேன். கணினியில் கீறத் தெரிந்த ஆள்தான் வேண்டுமென்றார்கள். எனக்குத் தெரியாது. படிக்கலாம் என்றார்கள். படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படிக்கவில்லை. அதற்குத் தலைவரைக் குறை சொல்ல முடியாது.

மனைவி கார்டெரியிலேயே இருந்தாள். அடுத்த வருடம் ஒரு கோடைப் பின்னேரம், பெரிய சமையல் பானை ஒன்றைத் திருத்தக் கொண்டுபோக அவளுக்கு உதவி வேண்டுமென்று அங்கே போனேன். முன்றலில் பத்துப் பதினைந்து சுற்றுலாக்காரர் நின்றார்கள். தலைவர் கைத்தடியால் கோபுரத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"கவனித்தீர்களா, மூன்று முடிகள். வேண்டுமென்றே மூன்று. பிதா, சுதன், பரிசுத்த ஆவி. இங்கிலாந்தில்கூட இது மிக அபூர்வம்."

ஒரு பெண் குறிப்புப் புத்தகத்தில் அதை எழுதினாள். ஒரு மனிதர் படம் எடுத்தார். ஒருவர்கூட அந்த நாலாவது மூலையில் மினுங்கிக்கொண்டிருந்த தகரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தலைவர் என்னைக் கண்டார். "ஆ, நண்பரே!" என்று கைத்தடியை உயர்த்தினார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அவர் அதை நம்பிவிட்டார்.

நான் குசினி வாசலுக்குப் போனேன். மனைவி பானையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆர் அது, அந்தாளோ? என்ன சொல்லுறார்?" என்றாள். சொன்னேன். அவள் பானையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்தவே முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிடியுங்கோ, பஸ் போகப்போகுது" என்றாள்.